அமைச்சரின் மௌனமும் வாய்மை நோன்பும்

நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, எல்லையில் நம் படைகளின் நிலை என்ன என்று வினவுகிறார். பாதுகாப்பு அமைச்சர் விடை கூற எழுகிறார். அந்த வேளையில் அவர்முன் இரண்டு கடமைகள் நிற்கின்றன. மக்களின் பிரதிநிதிகளிடம் உண்மையைச் சொல்லுதல் ஒன்று. அவ்வுண்மை பகைவர் செவியிற் பட்டு, எல்லையில் நிற்கும் வீரனுக்குத் தீங்காய் முடியாமற் காத்தல் மற்றொன்று. இரண்டும் அறமே. இரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது அமைச்சர் எதனைக் கைக்கொள்வது? சொல்லாதிருத்தலும் பொய்யாகுமா? ஆகாதெனின், எந்த எல்லை வரை ஆகாது? இவ்வினாவையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

"படையும் போரும் பற்றிய செய்தி, கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நமக்கு எதற்கு?" என அன்பர் சிலர் கேட்கலாம். துறவியரின் மகாவிரதம் வேறு. இல்லறத்தாரின் அணுவிரதம் வேறு. மனத்தால் கருதிச் செய்யும் கொலையைச் சங்கல்பி இம்சை என்றும், தாக்க வருவோரைத் தடுக்கும்போது நேரும் தீங்கை விரோதி இம்சை என்றும் நம் முன்னோர் பிரித்துக் காட்டினர். நாம் செலுத்தும் வரிப்பணத்தில் படை இயங்குகிறது. நம் பெயராலேயே அது ஏவப்படுகிறது. எங்கே, எதன்பொருட்டு ஏவப்பட்டது என்பதை அறியாத இல்லறத்தான், தன் பெயரால் நடந்தது தற்காப்புதானா என்று எங்ஙனம் தெளிவான்? அதைத் தெளிவதற்கு அவனுக்குள்ள வாயில்களுள் நாடாளுமன்ற வினா ஒன்று. ஆகவே இச்செய்தி நமக்குப் புறம்பானதன்று.

வினாவின் வகையும் விடையின் வகையும்

நம் சமண முனிவராகிய பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். ஆசிரியப் பயிற்சிக் காலத்திலும், அதன்பின் பல்லாண்டு வகுப்பறையிலும் அவ்வகைகளைப் பயின்றும் பயிற்றுவித்தும் வந்த நமக்கு, நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் படிக்குந்தோறும் அவையே நினைவுக்கு வருகின்றன.

மாணவன் தெரியாத ஒன்றைக் கேட்பது அறியாவினா. ஆசிரியர் தாம் அறிந்ததையே, மாணவன் அறிவானா எனக் கேட்பது அறிவினா. அவையில் எழும் வினாக்களுள் பல அறிவினாவின் இயல்பை உடையவை. வினவும் உறுப்பினர் விடையை ஓரளவு அறிவார். அமைச்சர் வாயால் அது அவைக்குறிப்பில் ஏறவேண்டும் என்பதே அவர் நோக்கம். ஏறிய பின் அது ஒருவரின் தனிக்கருத்தன்று, அரசின் சொல்.

விடைகளுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வினாவுக்கு நேரே பொருந்துவன. ஏனைய ஐந்தும் குறிப்பால் விடைப்பொருளைத் தருவன. அவ்வைந்தனுள் ஒன்று இனமொழி. "அரிசி உண்டா?" என்று கேட்டவருக்குக் கடைக்காரர் "கேழ்வரகு உண்டு" என்றால் அஃது இனமொழி விடை. அரிசி இல்லை என்பதைக் கேட்டவர் தாமே உணர்ந்துகொள்வார். இங்ஙனம் உரிய பொருளைத் தருவதாலேயே அது விடை எனப்பட்டது.

அமைச்சர் கூறும் சுற்றுவிடைக்கும் இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம். பீரங்கிகள் போதுமா என்ற வினாவுக்கு, நம் வீரரின் மனவுறுதி இமயத்தை ஒத்தது என்று விடை வருவதாக வைத்துக்கொள்வோம். போதவில்லை என்பதைக் கேட்டவர் உணரும்படி அது சொல்லப்பட்டதா, போதும் என்று மயங்கும்படி சொல்லப்பட்டதா? முன்னது விடை. பின்னது வஞ்சனை.

மக்களவை கூடும் நாள்களில் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரமாகும். நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் நாளொன்றுக்கு 20. அவற்றுக்கு அமைச்சர் வாய்மொழியாக விடை கூறவேண்டும். உறுப்பினர் துணை வினா எழுப்பலாம். குறியிடாத வினாக்களுக்கு எழுத்தில் விடை தரப்படும். "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் கூறினால் அஃது ஓர் உறுதிமொழி. 3 மாதங்களுக்குள் அதனை நிறைவேற்ற வேண்டும். நிறைவேறியதா என்று கண்காணிப்பதற்காகவே 1953-இல் அரசு உறுதிமொழிக் குழு அமைக்கப்பட்டது. இயல்பிலேயே மறைவாகக் காக்கவேண்டிய செய்திகளைப் பற்றி வினவலாகாது என்றும் அவை விதி கூறுகிறது. எனவே மௌனத்துக்கும் அவையில் இடமுண்டு. அவ்விடம் எவ்வளவு என்பதே நம் வினா.

வாய்மை நோன்பின் இலக்கணம்

பிறருக்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை எனத் திருவள்ளுவர் இலக்கணம் வகுத்தார். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் அவர் இசைந்தார். ஆட்சியில் இருப்போர் இதனைத் தமக்கு அரணாகக் கொள்வதுண்டு. ஆனால் நன்மை என்னும் சொல்லுக்கு அவர் கொடுத்த அடைமொழியை மறக்கலாகாது. அந்நன்மையில் கறை சிறிதும் இருத்தலாகாது. ஒன்றை மறைப்பதால் நாட்டுக்கு ஒன்பது பங்கு நன்மையும் அமைச்சரின் நாற்காலிக்கு ஒரு பங்கு நன்மையும் விளையுமாயின், அந்த ஒரு பங்கே கறை.

இல்லறத்தாரின் வாய்மை அணுவிரதத்தை விளக்கும் சமந்தபத்திரர், பெரும்பொய் கூறாமையோடும் பிறரைக் கூறச்செய்யாமையோடும் நில்லாமல், பிறருக்குக் கேடு விளைக்கும் மெய்யையும் கூறாதிருத்தல் வேண்டும் என இரத்தினகரண்டகத்தில் உரைத்தார். மான் ஓடிய திசையை வேடன் கேட்கும்போது வாய்மூடி நிற்பது குற்றமன்று என்பது நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்த அறம். அவ்வழியே பார்த்தால், படை நிற்கும் இடத்தையும் அதன் குறைகளையும் பகைவர் அறியும்படி கூறாத அமைச்சர் நோன்பு தவறியவர் ஆகார்.

ஆயினும் நம் நூல்கள் இதனோடு நிற்கவில்லை. வாய்மை விரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்து எனப்படும். அவற்றைத் தொகுக்கும்போது தத்துவார்த்த சூத்திரமும் இரத்தினகரண்டகமும் சிலவற்றில் வேறுபடினும் இரண்டு குற்றங்களை ஒருசேரக் கூறுகின்றன. பிறர் மறைவை வெளியிடுதல் ஒன்று. நியாசாபகாரம் மற்றொன்று. நியாசம் என்பது ஒருவர் நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருள். அதனை வைத்தவர், எவ்வளவு வைத்தோம் என்பதை மறந்து குறைத்துக் கேட்கிறார். வைத்திருப்பவரோ, "ஆம், அவ்வளவுதான்" என்று தலையசைத்து எஞ்சியதைத் தம்மிடமே இருத்திக்கொள்கிறார். இஃது நியாசாபகாரம்.

அன்பர்கள் இங்கு ஒன்றைக் கருதவேண்டும். பொருளை வைத்துக்கொண்டதால் இதனைக் களவு என்று மட்டும் நம்மவர் கொள்ளவில்லை. வாய்மைக்கு நேர்ந்த குற்றமாகவும் வைத்தனர். பிறர் அறியாமையைத் திருத்தாமல் பயன்படுத்திக்கொள்ளும் மௌனமும் பொய்யின் இனமே என்பது அவர் கருத்து. மறைவை வெளியிடுவதும் குற்றம். அடைக்கலப் பொருளைத் திருப்பித் தராததும் குற்றம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய வழியில்தான் பாதுகாப்பு அமைச்சர் நடக்கவேண்டியிருக்கிறது. நாட்டின் இரகசியம் அவருக்குச் சொந்தமன்று. அது மக்கள் அவரிடம் வைத்த அடைக்கலம்.

இந்த அளவுகோலைக் கொண்டு, உண்மையாகவே நிகழ்ந்த சில விடைகளை எடைபோட்டுப் பார்ப்போம். கேள்வி நேரம் என்னும் முறையை நாம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திடமிருந்து பெற்றோம். ஆதலால் அங்கு கூறப்பட்ட இரண்டு விடைகளை முதலில் காண்போம்.

இலண்டனில் இரண்டு விடைகள்

அணுகுண்டு செய்வதென்று 1947 சனவரியில் பிரதமர் அட்லி அமைச்சர் சிலரை மட்டும் வைத்து இரகசியமாக முடிவு செய்தார். நாடாளுமன்றம் அதனை அறியாது. 1948 மே 12-ஆம் நாள், நவீனப் படைக்கலங்களை உருவாக்குவதில் போதிய முன்னேற்றம் உண்டா என்று ஜார்ஜ் ஜெகர் என்னும் உறுப்பினர் வினவினார். அணு ஆயுதங்கள் உள்ளிட்ட எல்லா வகைப் படைக்கலங்களும் உருவாக்கப்பட்டு வருகின்றன எனப் பாதுகாப்பு அமைச்சர் ஏ.வி. அலெக்சாண்டர் விடையளித்தார். மேலும் விளக்கம் தர முடியுமா என்று கேட்டபோது, இல்லை, அது பொதுநலனுக்கு உகந்ததன்று என்று கூறி அமர்ந்தார்.

இவ்விடையைச் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும். அணு ஆயுதம் உருவாகிறது என்னும் செய்தி சொல்லப்பட்டது. எங்கே, எப்படி, எப்போது என்பன சொல்லப்படவில்லை. சொல்லவில்லை என்பதும், ஏன் சொல்லவில்லை என்பதும் வெளிப்படையாகவே சொல்லப்பட்டன. கேட்டவர் எவரும் அணு ஆயுதமே இல்லை என்று மயங்க இடமில்லை. சொல்லளவில் இது தூய மௌனம். செயலளவில் ஒரு கறை இருந்தது. 1951-இல் மீண்டும் பிரதமரான சர்ச்சில், ஏறத்தாழ 10 கோடி பவுன் இப்பணிக்குச் செலவாகியிருப்பதையும், நாடாளுமன்றம் அச்செலவை அறியாதிருந்ததையும் கண்டு வியந்தார். பணத்துக்கு உரியவர் கணக்கை அறியாதிருக்க, பொறுப்பாளர் செலவிட்டிருந்தார். நாவின் நேர்மை கணக்கேட்டில் இல்லை.

இரண்டாவது விடை கடலில் நிகழ்ந்த ஒரு பேரழிவைப் பற்றியது. 1982-இல் பாக்லாந்துத் தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜெண்டினாவும் போரிட்டன. மே 2-ஆம் நாள் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் அர்ஜெண்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ என்னும் போர்க்கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் மாண்டனர். மே 4-ஆம் நாள் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் அவையில் அறிக்கை தந்தார். அக்கப்பல் 2-ஆம் நாள் இரவு கண்டறியப்பட்டது என்றும், பிரிட்டிஷ் படைக்கப்பல்களை நோக்கி நெருங்கி வந்துகொண்டிருந்தது என்றும் கூறினார். உண்மை வேறாக இருந்தது. அக்கப்பல் முதல் நாளே கண்டறியப்பட்டுப் பின்தொடரப்பட்டது. தாக்கப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே அது திசை திரும்பி மேற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது.

அமைச்சர் அன்று தமக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பையே படித்தார் என்று கொள்வோம். போரின் நடுவே பிழையான செய்தி வருவது இயல்பு. அதன்பின் வந்த மாதங்களில் அப்பிழை ஏன் திருத்தப்படவில்லை என்பதே அறத்தின் வினா. டாம் டேலியல் என்னும் உறுப்பினர் ஓயாமல் வினவினார். 1983 மே மாதம் டயானா கூல்டு என்னும் பெண்மணி, எவ்விதப் பதவியும் இல்லாத குடிமகளாக, தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பிரதமர் தாட்சரிடமே கப்பலின் திசையைப் பற்றி விடாது கேட்டார். கப்பல் மே 1-ஆம் நாளே கண்டறியப்பட்டது என்பதைப் பிரதமர் 1984-இல் எழுதிய கடிதமொன்றில் ஒப்புக்கொண்டார். அவ்வாண்டே பாதுகாப்புத் துறை அலுவலர் கிளைவ் பாண்டிங், உண்மையைக் காட்டும் ஆவணங்களை டேலியலுக்கு அனுப்பினார். அரசு இரகசியச் சட்டத்தின்கீழ் அவர்மேல் வழக்கு நடந்தது. நாட்டின் நலன் என்பது ஆளும் அரசின் கொள்கையே என்ற பொருளில் நீதிபதி எடுத்துரைத்த பின்னரும், சான்றாளர் குழுவினர் 1985 பிப்ரவரியில் பாண்டிங்கைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். நாட்டின் நலனும் அமைச்சரவையின் நலனும் ஒன்றல்ல என்பதைச் சாதாரண மக்கள் பன்னிருவர் உணர்ந்தனர் போலும்.

இதில் நாம் எண்ணி வருந்தவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பெல்கிரானோவின் தலைவராயிருந்த ஹெக்டர் போன்சோவே பிற்காலத்தில், தம் கப்பல் தாக்கப்பட்டது போர்ச்செயலே, போர்க்குற்றம் அன்று என்று கூறினார். அவ்வாறாயின் உண்மையை முதலிலேயே சொல்லியிருக்கலாம். திசை திரும்பிய கப்பலும் மீண்டும் திரும்பித் தாக்கக்கூடும் என்று விளக்கியிருக்கலாம். அவ்விளக்கத்தை ஏற்போரும் மறுப்போரும் இருந்திருப்பர். ஆனால் உண்மையின்மேல் நின்று வாதிட்டிருப்பர். திருத்தப்படாத விடையோ, செயலைக் காட்டிலும் பெரிய குற்றமாக வளர்ந்தது. பாரதப் போரில் அசுவத்தாமன் மாண்டான் என்ற சொல்லின் பிற்பகுதி துரோணர் செவியில் விழாதபடி தருமர் கூறினார். அதுவரை நிலம் தோயாது சென்ற அவர் தேர் மண்ணில் இறங்கியது என்பர். பாதி உண்மையின் எடை அத்தகையது.

பிரிட்டிஷ் மக்களவை 1997 மார்ச்சில் ஒரு தீர்மானம் இயற்றியது. அமைச்சர்கள் அவைக்கு மெய்யான செய்தியையே தரவேண்டும். அறியாது நேர்ந்த பிழையை இயன்ற விரைவில் திருத்தவேண்டும். அறிந்தே அவையை மயக்கியவர் பதவி விலக முன்வரவேண்டும். பொதுநலனுக்கு ஊறு என்றால் மட்டுமே செய்தியைத் தராதிருக்கலாம் என்பன அதன் சாரம். சொல்லாமைக்கு இடம் தந்த அதே தீர்மானம் பொய்க்கு இடம் தரவில்லை.

நம் நாட்டின் அனுபவம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். அக்சாய் சின் பகுதியூடே சீனா 1957-இல் ஒரு சாலையை அமைத்து முடித்தது. 1958 அக்டோபரில் நம் அரசு சீனத் தூதரிடம் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தது. நாடாளுமன்றம் இதனை முறையாக அறிந்தது 1959 ஆகஸ்டு இறுதியில்தான். அப்போது உறுப்பினர்களின் வினாக்களை எதிர்கொண்ட பிரதமர் நேரு, அடுத்த மாதமே இரு நாடுகளுக்கிடையே நடந்த கடிதப் போக்குவரத்தை வெள்ளை அறிக்கையாக வெளியிட்டார். வெளியிட்டது சிறப்பே. ஆயினும் காலந்தாழ்ந்து வந்த உண்மை, நிதானமாக எண்ணிப் பார்க்கும் மனநிலையை மக்களிடம் விட்டுவைக்கவில்லை. முன்பே அறிந்திருந்தால் சிந்தனையாக எழுந்திருக்கக்கூடியது, பின்பு சினமாக எழுந்தது.

1962 அக்டோபர், நவம்பர் மாதங்களில் நேர்ந்த போரையும் அதன் முடிவையும் நம் தலைமுறையினர் அறிவர். தோல்வியின் காரணங்களை ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்சும் பிரிகேடியர் பகத்தும் பணிக்கப்பட்டனர். 1963 செப்டம்பர் 2-ஆம் நாள் பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவாண் மக்களவையில் ஓர் அறிக்கை தந்தார். பயிற்சி, கருவிகள், ஆணை செலுத்தும் முறை, வீரர்களின் உடல்நலம், தலைவர்களின் திறமை ஆகியவை ஆராயப்பட்டன என்று கூறி, கண்ட முடிவுகளைச் சுருக்கமாக எடுத்துரைத்தார். முழு ஆய்வுரையையும் வெளியிடுவது நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு என்று விளக்கினார். போர் ஓய்ந்து ஓராண்டும் நிறையாத காலம் அது. பகைவர் எல்லையில் நின்றிருந்தனர். சுருக்கத்தைச் சொல்லி விரிவை நிறுத்தியதும், நிறுத்துகிறோம் என்று வெளிப்படையாகக் கூறியதும் அன்று ஏற்கத்தக்கவையே.

ஆனால் ஆண்டுகள் உருண்டன. 2010 ஏப்ரலில் அதே ஆய்வுரை பற்றி வினவப்பட்டபோது, அதன் செய்திகள் மிக நுண்மையானவை, இன்றும் படைநடவடிக்கைக்குப் பொருந்தக்கூடியவை என்று அமைச்சர் ஏ.கே. அந்தோணி மக்களவையில் எழுத்து மூலம் விடையளித்தார். அப்போது அதற்கு வயது 47. 2014 மார்ச்சில் நெவில் மாக்ஸ்வெல் என்னும் பத்திரிகையாளர் அதன் ஒரு பகுதியைத் தாமே வெளியிட்டுவிட்டார். பழைய ஆவணங்களைக் கால எல்லையின்றி மறைத்து வைப்பது பொதுநலனுக்கு ஏற்றதன்று என்று அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அருண் ஜெட்லி எழுதினார். சில மாதங்களில் ஆட்சி மாறியது. அவரே பாதுகாப்பு அமைச்சரானார். 2014 சூலையில் மாநிலங்களவையில், அது மிக இரகசியமான ஆவணம், வெளியிடுவது நாட்டு நலனுக்கு உகந்ததன்று என அவரே விடையளித்தார்.

இதனைக் கட்சிச் சார்பாக நாம் கூறவில்லை. இரண்டு கட்சிகளின் அமைச்சர்களும் ஒரே விடையைத்தான் தந்தனர். நாற்காலியில் அமர்ந்தவருக்கு வெளியில் நின்றவர் அறியாத காரணங்கள் தெரிந்திருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை. நாம் சுட்ட விரும்புவது, இம்மௌனத்துக்கு ஒரு கால எல்லை குறிக்கப்படவில்லை என்பதையே. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 20 ஆண்டுகள் கடந்த செய்திகளை விலக்குகள் பலவற்றிலிருந்து விடுவிக்கிறது. நாட்டின் பாதுகாப்பு பற்றிய விலக்குக்கோ அந்த 20 ஆண்டு எல்லை பொருந்தாது. தவணை எழுதாத கடன்சீட்டு நாளடைவில் எப்படி ஆகும் என்பதை நம் குடும்பத்தினருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. பொருள் வைத்தவர் காலமாகிவிடுகிறார். வைத்த அளவை அவர் மக்கள் அறியார். வைத்திருப்பவரும் மாறிவிடுகிறார். அடைக்கலப் பொருள் அப்படியே கரைந்துபோகிறது. 1962-இல் வீழ்ந்த வீரர்களின் பெற்றோருள் எத்தனை பேர் தம் மகன் ஏன் மாண்டான் என்பதை அறியாமலே கண்மூடினர்! அவ்விடை அவர்களுக்கும் உரியதன்றோ?

வேறு வழியே இல்லையா எனின், நம் நாடே அதனையும் காட்டியிருக்கிறது. 1999-இல் கார்கில் போர் முடிந்ததும், திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம் அவர்களின் தலைமையில் நால்வர் கொண்ட ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. விரைவிலேயே அது தன் அறிக்கையைத் தந்தது. 2000 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, நூலாகவும் வெளிவந்தது. பாதுகாப்பு கருதிச் சில பகுதிகள் மட்டும் நீக்கப்பட்டன. நீக்கம் நிகழ்ந்தது என்பதும் மறைக்கப்படவில்லை. படிப்பவர் இங்கே ஏதோ நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அறிவார். தாம் அறியாதது உண்டு என்பதை அறிந்திருப்பவர் ஏமாற்றப்பட்டவர் ஆகார்.

2021 சூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கையை அறிவித்தது. போர் முடிந்த 5 ஆண்டுகளுக்குள் அதன் வரலாறு தொகுக்கப்பட வேண்டும் என்றும், 25 ஆண்டுகள் கடந்த ஆவணங்கள் வல்லுநரால் ஆராயப்பட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட வேண்டும் என்றும் அது கூறிற்று. மௌனத்துக்குத் தவணை எழுதும் முயற்சி என்பதால் இது வரவேற்கத்தக்கது. எழுதிய தவணைப்படி நடப்பதே அடுத்த கடமை.

மௌனம் எப்போது அறமாகும்?

இதுவரை கண்டவற்றிலிருந்து, அமைச்சரின் மௌனம் வாய்மை நோன்புக்குள் அடங்க மூன்று நிபந்தனைகள் வேண்டும் எனத் தெளிகிறோம்.

முதலாவது, மௌனம் தன்னை மௌனம் என்றே அறிவிக்கவேண்டும். "இதனைக் கூற இயலாது" என்பது வாய்மை. கூறியது போலத் தோன்றும்படி வேறொன்றைக் கூறுவது பொய். அலெக்சாண்டரின் சொல்லுக்கும் பெல்கிரானோ பற்றிய விடைக்கும் இடையே உள்ள தொலைவு இதுவே.

இரண்டாவது, மறைப்பதன் பயன் நாட்டைச் சேரவேண்டும், மறைப்பவரைச் சேரலாகாது. இவ்வாவணம் வெளிவந்தால் அஞ்சுவது எல்லையில் நிற்பவரா, ஆசனத்தில் இருப்பவரா என்று அமைச்சர் தம் நெஞ்சையே வினவவேண்டும். அங்கே அவருக்குத் துணை வினா எழுப்ப எவரும் இரார். ஆதலின் அதற்கு மிக நேர்மையாக விடை தரவேண்டியவர் அவரே.

மூன்றாவது, மௌனத்துக்கு ஒரு தவணை வேண்டும். அதனை மீட்டும் நீட்டவேண்டின், நீட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாய் ஆராய்ந்து காரணம் கூறவேண்டும். முன்பிருந்தவர் சொன்னதையே வழிவழியாகப் படித்தல் போதாது. முன்பு நேர்ந்த பிழையான விடையைத் திருத்துவதும் இத்தவணைக்குள் அடங்கும்.

இம்மூன்றும் பொருந்தின் மௌனம் அடைக்கலப் பொருளைக் காக்கும் கதவு. ஒன்று குறையினும் அது நியாசாபகாரம்.

இங்கு ஒரு தடை எழலாம். "இன்னதைச் சொல்லமாட்டேன் என்று கூறுவதே பகைவனுக்கு ஒரு குறிப்பாகிவிடாதா?" என்பர். ஆம், சிலபோது ஆகும். ஆனால் படை எண்ணிக்கை, இருப்பிடம், எதிர்காலத் திட்டம் ஆகியவற்றைப் பற்றி எப்போதும் ஒரே தன்மையாக விடை மறுத்து வருபவரின் மறுப்பிலிருந்து எவரும் எதையும் அறிய இயலாது. நல்ல செய்தியாயின் விரித்துரைத்து, தீய செய்தியாயின் பாதுகாப்பைக் காரணம் காட்டுபவரின் மௌனமே குறிப்பாகிறது. அத்தகைய மௌனத்தைப் பகைவன் எளிதில் படித்துவிடுவான். ஏமாறுபவர் நாட்டு மக்கள் மட்டுமே.

வினவுவோருக்கும் நோன்பு உண்டு. 1938-இல் இலண்டனைக் காக்க வான்படை எதிர்ப்புப் பீரங்கிகள் போதா என்பதை டங்கன் சாண்டிஸ் என்னும் பிரிட்டிஷ் உறுப்பினர் அறிந்தார். அதனை உடனே அவையில் முழங்காமல், தம் வினாவின் வரைவைப் போர் அமைச்சர் ஹோர் பெலிஷாவுக்கு முதலில் அனுப்பினார். அதில் இரகசியச் செய்தி இருந்தது என்பதால், எங்கிருந்து அறிந்தீர் எனச் சட்டத்தைக் காட்டி அவரிடம் விசாரணை எழுந்தது. அவர் அவையில் முறையிட்டார். உறுப்பினரின் வினவும் உரிமை பற்றிப் பெரிய ஆராய்ச்சிக்கு அது வழிவகுத்தது. குறையையும் வெளியிடாமல், கடமையையும் விடாமல் அவர் முதலில் கைக்கொண்ட முறை எண்ணத்தக்கது. அமைச்சரை வீழ்த்துவதற்காக வினவுவதும், வீரரைக் காப்பதற்காக வினவுவதும் சொல்லளவில் ஒன்றாகவே தோன்றும். வேறுபாடு கருத்தில் இருக்கிறது.

அவையில் அமராத நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. அமைச்சர் "கூற இயலாது" என்று நேர்மையாகச் சொல்லும்போது கோழை என்று ஏசுவதும், மனம் குளிர ஏதேனும் சொல்லும்போது வீரர் என்று கைதட்டுவதும் நம் வழக்கமாயின், பொய்யைக் கேட்டு வாங்கியவர் நாமே ஆவோம். பிறரைப் பொய் உரைக்கச் செய்யாமையும் நம் நோன்பின் ஒரு கூறு என்பதை மறவாதிருப்போம். நாம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள் எவ்வளவு, என்று திரும்பும் என்பதைப் பொறுமையோடும் மறதியின்றியும் கேட்டுக்கொண்டே இருப்போமாக.